பின்னால் போகாத அம்பாசிடர்

விஜயதசமியன்று ஊரெல்லாம் நல்ல காரியம் தொடங்கும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்கள், பாட்டுக் கற்றுக்கொள்ள வெற்றிலை பாக்கோடு வாத்தியார் வீட்டுக்குப் போவார்கள். பாஞ்சாலையும் அன்றைக்கு ஒன்றைத் தொடங்குவதாகத்தான் இருந்தாள். அது நல்ல காரியமா வம்பா என்பது பொழுது சாய்வதற்குள் தெரிந்துவிடும்.

வாசலில் அந்த அம்பாசிடர் நின்றது. கறுப்பு உடம்பு, மஞ்சள் தலை, பளபளவென்று புதுப் பெயிண்டு. தெருவில் போகிறவர்கள், "அட, டாக்ஸியா? எப்ப வாங்கினீங்க?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். அந்தக் கேள்வி காதில் விழும்போதெல்லாம் பாஞ்சாலைக்கு வயிறு எரிந்தது. வாங்கிய நாளிலிருந்து அந்த வண்டி மகராசன் ஒரு சவாரி போகவில்லை.

சங்கதி தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கம்மாபுரத்துப் பக்கம் இருந்த நிலத்தைச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். பாஞ்சாலையின் புருஷன் கொளஞ்சி பங்கும், அவன் தங்கச்சி கமலம் பங்கும் சேர்த்து வந்த நட்ட ஈட்டில்தான் இந்த வண்டி வாங்கியது. கொளஞ்சி வருஷக்கணக்காக அடுத்தவன் டிராக்டரை ஓட்டியவன். சொந்தமாக ஒரு டாக்ஸி இருந்தால் இரண்டு குடும்பமும் பிழைத்துக்கொள்ளும் என்று கணக்குப் போட்டார்கள். புது வண்டிக்கு எழுதிப் போட்டால் தலை நரைத்த பிறகுதான் கைக்கு வரும். அதனால் பழைய வண்டி. ஜங்ஷன் ரோட்டில் கஜலட்சுமி மோட்டார்ஸ் ராஜமாணிக்கத்திடம் போனார்கள். கமலத்தின் புருஷன் கலியமூர்த்திதான் முன்னே நின்று கூட்டிக்கொண்டு போனான்.

வண்டியை ஓட்டிப் பார்க்காமல் வாங்கிவிடவில்லை. நாலு தெரு ஓட்டினார்கள். முன்னால் சிங்கம் மாதிரிதான் போயிற்று. திருப்புவதற்காகக் கொளஞ்சி ஸ்டியரிங் பக்கத்துக் கியர்க் கம்பியைப் பின் கியருக்கு இழுக்கப் போனான். ராஜமாணிக்கம் சட்டென்று அவன் கையின் மேல் தன் கையை வைத்துக்கொண்டார்.

"என்னாங்க டிரைவரே, நல்ல காரியத்துக்கு வாங்குற வண்டி. பழமலைநாதர் கோயில்ல பூசை போடறதுக்கு முந்திப் பின்னால எடுக்கலாமா? குடும்பம் முன்னுக்கு வர வேணாமா?"

நெருப்பைத் தொட்டவன் மாதிரி கொளஞ்சி கையை எடுத்துக்கொண்டான். பின் சீட்டில் இருந்த பாஞ்சாலை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வியாபாரியாக இருந்தாலும் சாமி பயம் உள்ள மனுஷர் என்று மனசுக்குள் பாராட்டுப் பத்திரம் வேறு வாசித்தாள். இப்போது நினைத்தால் தன் கன்னத்தில் தானே இன்னும் பலமாகப் போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

பூசை முடிந்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, வீட்டுக்கு வந்து பின் கியர் போட்டால், கரகரவென்று அம்மிக்கல் இழுக்கிற சத்தம்தான் வந்தது. வண்டி ஓர் அங்குலம் நகரவில்லை. திரும்பிப் போய்க் கேட்டதற்கு ராஜமாணிக்கம் சிரித்தார்.

"பார்த்துத்தானேம்மா வாங்கினீங்க? வித்தது வித்ததுதான். வண்டியில குறை இல்லே. டிராக்டர் ஓட்டுன கை பாருங்க, கியர் போடத் தெரியலே."

அன்றையிலிருந்து கொளஞ்சி சரியாகச் சாப்பிடவில்லை. நிலம் போனபோதுகூட இப்படி ஒடுங்கவில்லை மனுஷன்.

*

"கலியமூர்த்தி மாப்ள என்னா சொல்றாருன்னா..." என்று கொளஞ்சி காலையிலேயே ஆரம்பித்தான். "மெக்கானிக் நடராசன் கிட்ட வுட்டு உள்ள பல்லு மாத்திக்கிட்டா ஓடும்ங்கிறாரு. எதுக்கு ஊரு சிரிக்கணும்?"

பாஞ்சாலை தலையை வாரி முடிந்துகொண்டே திரும்பினாள்.

"வக்கீல் சுந்தரேசன் ஐயா என்னா சொன்னாரு? நீங்களும்தானே கூட உக்காந்திருந்தீங்க."

"சொன்னாரு..."

"கழட்டாதீங்க, ரிப்பேர் பண்ணாதீங்க, ஒரு சவாரிகூடப் போவாதீங்கன்னாரு. போனா, இருக்குற குறையோட நாம ஏத்துக்கிட்டதா ஆயிடுமாம். வேணாம்னு வித்தவருக்கு உடனே தெரியப்படுத்தணுமாம். இப்ப பல்லு மாத்துனா யாரு பல்லு போவும்?"

"கோர்ட்டு கச்சேரின்னு..."

"கோர்ட்டுக்குப் போவலாம்னா நான் சொன்னேன்? கொண்டுபோய் வுட்டுட்டு வரலாம்னுதான் சொல்றேன்."

வக்கீலிடம் அதையும் அவள் கேட்டிருந்தாள். வண்டியைத் திருப்பிக் கொண்டுபோய் விட வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, வேண்டாம் என்று சொன்னாலே போதும் என்றார் அவர். "கொண்டுபோய் வுட்டா தப்புங்களா?" என்று பாஞ்சாலை கேட்டதற்கு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை ஒரு பார்வை பார்த்தார். "தப்புன்னு எங்கேயும் எழுதலைம்மா" என்றார்.

அப்போதுதான் கமலம் வந்து சேர்ந்தாள். நெற்றி நிறைய விபூதி. வேர்த்து விறுவிறுத்திருந்தாள். இந்த வண்டி வந்ததிலிருந்து அண்ணன் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பதில்லை அவள். நிலத்தில் தன் பங்கை அண்ணன் பேச்சை நம்பித்தான் கொடுத்தாள். அது வாசலில் நின்று துருப்பிடிக்கப் போகிறதே என்ற ஆத்திரம் அவள் பேச்சில் எல்லாம் வெடித்தது.

"மண்ணாவே இருந்திருந்தா முன்னாலயும் போவாது, பின்னாலயும் போவாது. அதும்பாட்டுக்குக் கெடந்து சோறு போட்டிருக்கும்" என்றாள் வண்டியைப் பார்த்து.

"எங்கேருந்து வர்ற கமலம்?"

"கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போயிட்டு வரேன். பிராது கட்டிட்டேன் அண்ணி."

பாஞ்சாலை கையில் சீப்பு அப்படியே நின்றது. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பரிடம் பிராது கட்டுவது விளையாட்டுக் காரியமா? போலீசுக்குப் பயப்படாதவன்கூட அதற்குப் பயப்படுவான். நமக்கு அநியாயம் செய்தவன் இன்னான் என்று எழுதி, சாமி முன்னால் வைத்துப் பூசை செய்து, முனியப்பர் வேலில் கட்டிவிட்டு வந்தால் அப்புறம் கேஸ் அவர் கையில். கட்டினவரே போய் அவிழ்த்தால்தான் உண்டு.

"ராஜமாணிக்கம் பேருலயா?"

"அந்த ஆளு பேரை மட்டும் எழுதுனா மத்தவன் தப்பிச்சுக்குவானே. இந்த வண்டிய நம்ம தலையில கட்டுனதுல யாரு யாருக்குக் கை இருக்குதோ, அத்தினி பேரும் அனுபவிக்கணும்னு எழுதிட்டேன்."

"அண்ணன் வரலியா?" என்று பாஞ்சாலை கேட்டாள். கலியமூர்த்தியை அவள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். கூடப் பிறந்தவர்கள் இல்லாத அவளுக்கு அந்த ஒரு முறைதான் அண்ணன் முறை.

"வயித்து வலின்னு படுத்துக்கிட்டாரு. பிராதெல்லாம் வேணாம், சாமிய இதுல இழுக்காதேன்னு ஒரே பாட்டு. நான் கேக்கல."

நேரமாகிறது என்று பாஞ்சாலை கிளம்பினாள். வண்டியில் கொளஞ்சி முன்னால், பெண்கள் இரண்டு பேரும் பின்னால். தெரு இரண்டு பக்கமும் திறந்து கிடந்ததால் பின்னால் எடுக்க வேண்டிய அவசியம் இல்லாமல் வண்டி ஜம்மென்று புறப்பட்டது.

"அங்க எப்பிடி நிறுத்தறது?" என்றான் கொளஞ்சி.

"மூக்கை உள்ள வுட்டு நிறுத்துங்க. சந்துக்குள்ள."

கொளஞ்சி கண்ணாடியில் அவளைப் பார்த்தான். அவனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும், இத்தனை நாளில் முதல் தடவையாக, மீசைக்குக் கீழே கொஞ்சம் சிரிப்பு வந்தது.

*

கஜலட்சுமி மோட்டார்ஸ் ஷெட்டுக்குப் போக ஒரே வழி. ஜங்ஷன் ரோட்டிலிருந்து இரண்டு சுவருக்கு நடுவே ஒரு சந்து, சரிவாக இறங்கிக் கேட்டில் போய் முடியும். ஒரு வண்டி நின்றால் இன்னொரு வண்டி தாண்டிப் போக இடம் இருக்காது.

உள்ளே கல்யாண வீடு மாதிரி இருந்தது. வாழைக் கன்று, மாவிலைத் தோரணம், பொரிகடலை, சந்தனம். விஜயதசமிக்கு வண்டி எடுக்க இரண்டு குடும்பங்கள் வந்திருந்தன. பெண்ணாடத்துக் கரும்பு விவசாயி கோவிந்தசாமி, மனைவி மக்களோடு வந்திருந்தார். ஸ்ரீமுஷ்ணத்துப் பள்ளிக்கூட வாத்தியார் பூவராகன் தன் சம்சாரம் ராஜலட்சுமியோடு வந்திருந்தார். இரண்டு பேருடைய வண்டியும் மாலை போட்டு, கேட்டைப் பார்த்தபடி ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் தயாராக இருந்தது. சூடம் காட்டிவிட்டு நல்ல நேரத்துக்குள் வெளியே எடுக்க வேண்டியதுதான் பாக்கி.

சரிவில் இறங்கி வந்த கறுப்பு அம்பாசிடர், கோவிந்தசாமி வண்டிக்கு மூக்கோடு மூக்காக வந்து, கேட்டை அடைத்துக்கொண்டு நின்றது. கொளஞ்சி எஞ்சினை அணைத்தான்.

ராஜமாணிக்கம் சூடத் தட்டோடு திரும்பினார். முகம் ஒரு கணம் சுண்டி, உடனே மலர்ந்தது. தொழில் அப்படி.

"அடடே, வாங்கம்மா. நல்ல நாளும் அதுவுமா நம்ம கடைக்கு வந்திருக்கீங்க. பொரிகடலை எடுத்துக்குங்க. டிரைவரே, வண்டியக் கொஞ்சம் பின்னால எடுங்க. இவங்க வண்டி வெளிய போவணும்."

பாஞ்சாலை இறங்கிப் புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

"பின்னால போவாதுங்களே. உங்களுக்குத் தெரியாதா?"

"சரி சரி, அப்பறம் பேசிக்கலாம். அப்ப உள்ளதான் வந்துடுங்க."

"எப்பிடிங்க வர்றது? எதிர்ல இவங்க வண்டி நிக்குது. அவங்க பின்னால போனாத்தான் நாங்க முன்னால வர முடியும்."

கோவிந்தசாமியின் மனைவி பதறிப்போனாள். "ஐயையோ, நம்ம வண்டிய எப்பிடிப் பின்னால எடுக்கறது? பூசைக்கு முந்திப் பின்னால எடுத்தா ஆவாதுன்னு மொதலாளிதானே சொன்னாரு!"

சொன்னவர் கையில் சூடம் எரிந்துகொண்டிருந்தது.

இத்தனை பேர் நடுவே பேசிப் பாஞ்சாலைக்குப் பழக்கமில்லை. ஆனால் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்ற புருஷனைப் பார்த்ததும் தொண்டை தானாகத் திறந்துகொண்டது.

"ஐயா, வண்டியில குறை இல்லே, எங்க வூட்டுக்காரருக்குத்தான் கியர் போடத் தெரியலேன்னு சொன்னீங்க. இதோ சாவி. தெரிஞ்ச ஆளை உக்கார வெச்சுப் பின்னால எடுத்துக் காட்டுங்க. எடுத்துட்டா, இத்தனை பேர் முன்னால உங்க கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வண்டிய ஓட்டிக்கிட்டுப் போயிடறோம்."

மறுக்க முடியுமா? ராஜமாணிக்கம் தன் டிரைவருக்குக் கண்ணைக் காட்டினார். அவன் ஏறி உட்கார்ந்தான். எஞ்சினைக் கிளப்பினான். கம்பியை இழுத்தான்.

கரகரகரவென்று ஜங்ஷன் ரோடு வரைக்கும் கேட்டது. மறுபடி இழுத்தான். மறுபடி கரகர. ராஜலட்சுமி அம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள். டிரைவர் முதலாளியைப் பார்த்தான். முதலாளி வானத்தைப் பார்த்தார்.

"உங்க ஆளுக்கும் கியர் போடத் தெரியலீங்களா?" என்றாள் கமலம் கார் ஜன்னல் வழியாக. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"தள்ளுங்கடா!" என்று ராஜமாணிக்கம் கத்தினார். ஆட்கள் ஓடி வந்து பானெட்டில் கை வைத்தார்கள்.

"நல்லா தள்ளுங்க" என்றாள் பாஞ்சாலை. "மேட்டுலதான் ஏத்தணும், மூச்சைப் புடிச்சுத் தள்ளுங்க. எல்லாரும் பார்த்துக்குங்க. கஜலட்சுமி மோட்டார்ஸ்ல வண்டி வாங்குனா, பின்னால போவறதுக்கு ஆளையும் சேர்த்துத்தான் வாங்கணும்."

பானெட்டில் வைத்த கைகள் ஒவ்வொன்றாக எடுபட்டன.

*

வாத்தியார் என்றால் வாத்தியார்தான். பூவராகன் விஷயத்தைப் படிப்படியாக விசாரித்தார்.

"வாங்கறச்சே ஓட்டிப் பார்க்கலையாம்மா?"

"பார்த்தோம் சார். முன்னால ஓட்டிப் பார்த்தோம். பின்னால எடுக்கப் போனப்ப, பூசைக்கு முந்தி எடுத்தா குடும்பம் முன்னுக்கு வராதுன்னு சொல்லிக் கையப் புடிச்சிக்கிட்டாரு. நாங்களும் சாமி விஷயமாச்சேன்னு வுட்டுட்டோம்."

கோவிந்தசாமி மெதுவாகத் திரும்பினார். கனத்த ஆள். அவர் திரும்புகிறதற்கே கொஞ்ச நேரம் ஆயிற்று.

"எங்கிட்டயும் இதேதான் சொன்னீரு. இதே மாதிரிதான் கையப் புடிச்சீரு."

"எங்கிட்டயும்தான்" என்றார் பூவராகன். "நான்கூட வைதீகத்துல நம்பிக்கை உள்ளவர்னு இவகிட்டச் சொல்லிச் சந்தோஷப்பட்டேன்."

பாஞ்சாலைக்கு அதைக் கேட்கவும் ஓர் ஆறுதல். ஏமாந்தது நாம் மட்டும் இல்லை, படித்தவர்களும்தான்.

"பார்த்து வாங்குனீங்க, பார்த்து வாங்குனீங்கன்னு சொல்றீங்களே" என்று ராஜமாணிக்கத்தைப் பார்த்துக் கேட்டாள். "பார்க்க வுடாத எடத்தை எப்பிடிங்க பார்க்கறது? டாக்ஸிக்குன்னு சொல்லித்தான் கேட்டோம். டாக்ஸிக்கு ஆவுமான்னு உங்களைத்தான் கேட்டோம். ஆவும்னு சொன்னது மட்டுமில்லே, தலைக்கு மஞ்சப் பெயிண்டு அடிச்சுக் கொடுத்தது யாரு? நீங்கதானே? எதுக்குன்னு சொல்லி, விக்கிறவரை நம்பி வாங்குனா, அதுக்கு ஆவுற பொருளாத்தான் கொடுக்கணும்னு வெள்ளக்காரன் காலத்துலேருந்தே சட்டம் இருக்குதாம். பழைய பொருளா இருந்தாலும் அதேதானாம். வக்கீல் ஐயா சொன்னாரு. இது பின்னால போவாத டாக்ஸி. இதை வெச்சுக்கிட்டு நான் யாரைக் கொண்டுபோய் வுட்டுட்டுத் திரும்பறது?"

"அம்மா, பழைய வண்டின்னா அப்பிடி இப்பிடி இருக்கத்தானே..."

"இருக்கட்டுங்க! இருக்குன்னு சொல்லிட்டு வித்திருக்கணும்." அவள் குரல் உயர்ந்துவிட்டது. "நான் ஜாடிக் கம்பெனியில வேலை பார்க்கறேன். சூளையிலேருந்து எடுத்த ஜாடி ஒவ்வொண்ணையும் தட்டிப் பார்க்கறது என் வேலை. விரிசல் வுட்டதை வேற குவியல்ல போட்டு, பழுதுன்னு பலகை வெச்சு, குறைச்ச விலைக்குத்தான் விக்கிறோம். ஊறுகா போட ஆவாதும்மா, அரிசி போட்டு வெச்சுக்கன்னு வாங்க வர்றவங்க கிட்டச் சொல்லித்தான் கொடுக்கறோம். ஒரு ஜாடிக்கே எங்களுக்கு அவ்வளவு நாணயம் இருக்குது. உங்களுக்கு ஒரு காருக்கு இல்லியா?"

கொளஞ்சி தன் பெண்டாட்டியை இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறவன் மாதிரி பார்த்துக்கொண்டு நின்றான்.

கோவிந்தசாமி தன் வண்டியைக் காட்டினார். "மொதலாளி, என் வண்டியப் பின்னால எடுங்க."

"நல்ல நேரத்துல எதுக்குங்க..."

"எடுய்யான்னா!"

எடுத்தார்கள். பூவராகன் வண்டியைக் கைவண்டியாகத் தள்ளி ஓரம் ஒதுக்கிவிட்டு, கோவிந்தசாமி வண்டியைப் பின்னால் எடுத்தார்கள். நல்லவேளை, அது சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. அவர் மனைவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ராஜமாணிக்கத்துக்கும் பாதி உயிர் திரும்பி வந்தது. ஆனால் பூவராகன் தன் வண்டியில் கிடந்த மாலையைக் கழற்றி ராஜமாணிக்கம் கையில் கொடுத்துவிட்டார்.

"நாளைக்கு மெக்கானிக்கோட வந்து, முன்னால பின்னால எல்லாம் பார்த்துட்டு முடிவு சொல்றேன். இந்த அம்மா விவகாரத்தை நீங்க எப்படித் தீர்க்கறீங்கங்கறதையும் பார்த்துட்டு."

கடைசி வார்த்தைதான் ராஜமாணிக்கத்தைச் சாய்த்தது. இறங்கி வந்தார்.

"அம்மா, கியர் பாக்ஸை நானே சரிபண்ணிக் கொடுத்துடறேன்."

"வேணாங்க. இந்த வண்டியே வேணாம். பணத்தைக் கொடுத்துடுங்க. இல்லாட்டி முன்சீப் கோர்ட்டுல பேசிக்கலாம். சார் வந்து, எங்கிட்டயும் இப்பிடித்தான் கையப் புடிச்சாருன்னு சொல்லுவாரு."

"சொல்லுவேன்" என்றார் பூவராகன்.

"பணமெல்லாம் இந்த வண்டிங்கள்லதான் முடங்கிக் கெடக்குதும்மா. சத்தியமா. வேற வண்டி வேணும்னா..."

"உங்க கிட்ட இன்னொரு வண்டியா?" என்று கமலம் பல்லைக் கடித்தாள்.

பாஞ்சாலை ஷெட்டைச் சுற்றிப் பார்த்தாள். மூலையில் வேப்பமரத்து நிழலில், சந்தனப் பொட்டும் ரோஜா மாலையுமாக ஒரு சாம்பல் நிற அம்பாசிடர் சுவரைப் பார்த்து நின்றது. மற்ற வண்டிகளுக்கெல்லாம் சாமந்தி. அதற்கு மட்டும் ரோஜா.

"அது யாருதுங்க?"

"அது நம்ம சொந்த வண்டி. விக்கிறது இல்லே."

"ரிவர்ஸ் போவுமா?"

"போவாம? வெண்ணெய் மாதிரி போவும்!" என்று பெருமை பொங்கச் சொல்லிவிட்டார் ராஜமாணிக்கம். சொல்லி முடித்த பிறகுதான் வாயிலிருந்து என்ன விழுந்தது என்று அவருக்கே தெரிந்தது.

"அப்ப அதைக் கொடுங்க" என்றாள் பாஞ்சாலை. "நீங்க தினம் ஏறிக்கிட்டுப் போறதுதான் இந்த ஷெட்டுல நம்பி ஏறக்கூடிய வண்டி."

கோவிந்தசாமி வயிறு குலுங்கச் சிரித்தார். ராஜமாணிக்கம் குதித்துப் பார்த்தார். தன் வண்டி பின் வந்த மாடல், விலை கூட என்றார். இத்தனை நாள் டாக்ஸி ஓடாமல் நின்ற நஷ்டத்துக்கு அது சரியாகப் போயிற்று, சட்டத்தில் நஷ்ட ஈடும் உண்டு என்று பாஞ்சாலை சொன்னாள். அவர் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் தன் மாலை கிடக்கிற அவருடைய கையைப் பார்த்தார்.

கடைசியில் சாவி வந்தது.

*

கொளஞ்சி பழைய வண்டியை ஷெட்டுக்குள் கொண்டுபோய் ஒரு மூலையில் விட்டான். கடைசி வரைக்கும் அது முன்னால்தான் போயிற்று. இறங்கியவன் நேராகச் சாம்பல் நிற வண்டிக்குப் போய் உட்கார்ந்தான். எஞ்சின் கிளம்புகிற சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

"உள்ளயே திருப்பிக்கிட்டு முன்னால ஏறிடுங்க, இடம் இருக்குது" என்றான் ராஜமாணிக்கத்தின் டிரைவர்.

"வேணாம்" என்றான் கொளஞ்சி. இத்தனை நேரத்தில் அவன் அங்கே பேசிய முதல் பேச்சு அதுதான். "பின்னாலயே எடுக்கறேன்."

"விஜயதசமியன்னிக்கா?" என்று கோவிந்தசாமியின் மனைவி வாயைப் பொத்தினாள்.

"எங்க குடும்பம் முன்னுக்கு வரும்மா. நீங்க பாருங்க" என்றான் கொளஞ்சி.

பாஞ்சாலை அவன் பக்கத்து சீட்டில் ஏறினாள். கமலம் பின்னால். அந்த நேரத்தில் ராஜமாணிக்கம் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துக்கொண்டு பாஞ்சாலை பக்கத்து ஜன்னலுக்கு வந்தார். கொளஞ்சி அந்தப் பக்கம் தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தான். கமலம் வாத்தியார் சம்சாரத்துக்குக் கையாட்டிக்கொண்டிருந்தாள்.

ராஜமாணிக்கம் குனிந்து, பாஞ்சாலை காதுக்கு மட்டும் சொன்னார்.

"ஜெயிச்சிட்டீங்க. நல்லா இருங்க. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்கம்மா. சாமி பேரைச் சொன்னா உங்க வூட்டுக்காரரு கியருலேருந்து கையை எடுத்துடுவாருன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? உங்களைக் கூட்டியாந்து வுட்டுட்டு, வண்டியில என்னா குறைன்னும் தெரிஞ்சுக்கிட்டு, எங்கிட்டத் தரகு வாங்கிட்டுப் போனாரே உங்க கலியமூர்த்தி, அவரைக் கேளுங்க."

வண்டி நகர்ந்துவிட்டது.

வெண்ணெய் மாதிரிதான் போயிற்று. கொளஞ்சி ஒரு கையை ஸ்டியரிங்கிலும் ஒரு கையை சீட்டின் மேலும் போட்டுக்கொண்டு, சுவரில் உரசாமல், நேராக, அந்தச் சரிவுச் சந்து முழுவதும் பின்னாலேயே ஏறினான். ஷெட்டில் எல்லாரும் கை தட்டினார்கள். ராஜமாணிக்கத்தின் டிரைவர்கூடத் தட்டினான். ஜங்ஷன் ரோட்டில் ரோஜா மாலையோடு ஒரு கார் பின்பக்கமாக வந்து ஏறுவதைப் பார்த்து, சீர்காழி பஸ்ஸுக்கு நின்ற ஜனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. டீக்கடையில் டீ ஆற்றியவன் ஆற்றுவதை நிறுத்திவிட்டான்.

"யாருய்யா கியர் போடத் தெரியாத டிரைவரு?" என்று கொளஞ்சி ரோட்டைப் பார்த்துக் கேட்டான். கேட்டுவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது.

இந்தச் சிரிப்புக்காகத்தானே பாஞ்சாலை இத்தனையும் செய்தாள். அவளும் சிரித்தாள். சந்தோஷம் பொய்யில்லை. ஆனால் மடியில் கிடந்த அந்தப் புத்தகம் கனத்தது. வயிற்று வலி என்று படுத்திருக்கிற அண்ணன் முகம் கண்ணுக்குள் வந்து வந்து போயிற்று.

"ஸ்ரீமுஷ்ணத்துக்கு வுடட்டுமா? பெருமாளைச் சேவிச்சுட்டு வரலாம்" என்றான் கொளஞ்சி.

"வேணாங்க. மணவாளநல்லூருக்கு வுடுங்க. கொளஞ்சியப்பர் கோயிலுக்கு."

"எதுக்கு?"

"கமலம் கட்டுன பிராதை அவுத்துட்டு வந்துடலாம். அதான் நியாயம் கெடச்சிடுச்சே."

பின் சீட்டில் கமலம் இரண்டு கையையும் விரித்து சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாளுக்குப் பிறகு அவள் முகம் தெளிந்திருந்தது. அண்ணியின் தோளில் அன்பாகத் தட்டினாள்.

"எதுக்கு அண்ணி அவுக்கணும்? ராஜமாணிக்கம் ஒருத்தன்தானே மாட்டியிருக்கான். கூட இருந்தவன் எவனோ, அவனும் மாட்டட்டும். அதுக்கப்பறம் நானே வந்து என் கையால அவுக்கறேன்."